யாரும் கூப்பிடாத மேலாளர்

ஹோட்டல் ஆவணங்களின்படி அவர் உதவி மேலாளர், துணிப் பராமரிப்புப் பிரிவு. மேற்பார்வையிடுபவர், முடிவெடுப்பவர், நிர்வாகத்தின் குரல் என்று விளக்கமும் உண்டு. அவர் மேற்பார்வையில் இருந்தது ஓர் இஸ்திரிப்பெட்டி. முடிவு என்பது, படுக்கை விரிப்பை முதலில் தேய்ப்பதா, தலையணை உறையையா என்பது. குரல் மட்டும் நிஜம். சலவை இயந்திரங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

அந்தக் குரலால் வந்த பதவிதான் அது. சலவைப் பெண்கள் நிர்வாகத்திடம் எதையாவது கேட்க மாடி ஏறினால், முன்னால் நின்று பேசுபவர் அவரே. மேலாளராக இருப்பவர் தொழிலாளர் சங்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவரை மேலாளராக்கிவிட்டார்கள். பதவி வந்தது, நாற்காலி வரவில்லை.

வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை.

"மேனேஜரம்மா, காபி கெடைக்குமா?"

"மேனேஜர் காபி போட மாட்டாங்க. நீங்க போட்டு எனக்கும் ஒண்ணு கொண்டாங்க."

வேலையிடத்தில்தான் சிரிப்பு வற்றிப்போனது. "அக்கா, இஸ்திரிப்பெட்டியவிட உன் மூக்குலதான் அதிகமா ஆவி வருது" என்று கலாய்த்தவர்கள் இப்போது "மேடம்" என்றார்கள். அவர் நுழைந்தால் பேச்சு அறுந்தது. மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால், பக்கத்திலிருந்து கை நீண்டு யாரும் ஒரு வாய் திருடவில்லை. திருட்டுக்காக ஏங்கிய ஒரே மேலாளர் அவராகத்தான் இருப்பார்.

ஒருநாள், தேய்க்கும் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும் விசிறி நின்றது. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். விசிறி ஓடும்வரை வேலையில்லை என்று எல்லோரும் பின்வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அவரை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பாவம், சங்கத்தின் துணை இல்லாத அவர் வேலை போய்விடுமே என்று அவர்கள் நினைத்தார்கள். நம்மை மறந்தேவிட்டார்கள் என்று அவர் நினைத்தார்.

பெரிய மேலாளர் இறங்கி வந்தார்.

"நீங்க நம்மாளு. இன்னைக்கு நீங்களே தேய்ச்சுக் குடுத்துடுங்க."

'நம்மாளு': மாதக்கணக்கில் கேட்கத் தவித்த சொல். வந்த வாய்தான் தப்பு.

"விசிறி, சார்?"

"பாத்துக்கலாம். வெளிய போனா வேலை இருக்காது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் பின்வாசலுக்கு வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம், இங்க ஒரே அழுக்கு. உங்க துணி வீணாயிடும்" என்றாள் ஒருத்தி.

"வீணானா நீ தொவைச்சுக் குடு. தள்ளி உக்காருடி."

அன்று அவர் ஓர் உறையைக்கூடத் தேய்க்கவில்லை. விசிறி ஓடும்வரை அவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.