ஏலக்காய்த் தட்டும் எழுதாத நோட்டும்

எங்கள் வீட்டில் தை மாதம் ஒரு சோலி உண்டு. பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளிய பிறகு, விளக்கேற்றி, இரண்டு மகள்களையும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, போன தையிலிருந்து இந்தத் தைக்குள் என்ன படித்தார்கள் என்று கேட்போம். அவர்கள் பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டில் நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நாங்கள் என்று எழுதினாலும், ஒன்பதாவது வரை படித்த நான்தான். வீட்டுக்காரருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. சனிக்கிழமை ஜீப்பில் இறங்கினால் திங்கட்கிழமை விடியலில் ஏறிவிடுவார்.

நோய்க்காலத்தில் பள்ளிகளை மூடியபோது நாங்கள் எல்லோரும் மேலே தோட்டத்து வீட்டில் இருந்தோம். மெட்டில் பாதையை அடைத்துவிட்டார்கள். பெரியவளுக்கு இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்னவள் அப்போது கைப்பிள்ளை மாதிரி. பிறகு பள்ளி திறந்தது, ஆனால் அங்கே பக்கத்தில் இருந்தது மலையாளப் பள்ளிக்கூடம். நாங்கள் போடிக்கு இறங்கி வருவதற்குள் மூன்று வருசம் ஓடிவிட்டது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்று தேவாரம் ஊரில் இருக்கிற என் நாத்தனார் சொன்னாள். சேர்த்தால் என் மகள் அங்கே ஒன்றும் தெரியாமல் நிற்பாளே, மற்ற பிள்ளைகள் சிரிக்குமே என்று நான்தான் பயந்தேன். முருகன் துணை இருக்கிறான், நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். வயசு வந்ததும் எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதலாம், தேறினால் ஒன்பதாவதில் நேராகப் போய் உட்காரலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதுதான் எங்கள் திட்டம். பெரியவள் அந்த ஒன்பதாவது வகுப்பை நினைத்துக்கொண்டேதான் வளர்ந்தாள். எங்கள் தெரு வழியாகச் சைக்கிளில் போகிற பிள்ளைகளின் சீருடை நிறம் மாறினால்கூட முதலில் அவள்தான் சொல்வாள்.

கீழே வந்தபின் எனக்கு வீட்டிலேயே காய் பொறுக்குகிற வேலை. கடையிலிருந்து ஏலக்காய் மூட்டை வரும். தட்டில் கொட்டி, வெடித்த காய், கருத்த காய், பிஞ்சு என்று பிரித்து, ஒட்டியிருக்கிற காம்பை நகத்தால் கிள்ளிப் போட வேண்டும். மகள்களும் கூட உட்காருவார்கள். ஆரம்பத்தில் அவர்கள் மடியில் நோட்டும் இருந்தது. ஒருநாள் காயோடு ரப்பர் துகள் கலந்து கிடக்கிறது என்று மூட்டை திரும்பி வந்தது. மூன்று பேரும் ஒருநாள் முழுக்கத் துகள் பொறுக்கினோம். அன்றைக்குச் சொன்னேன், இனிமேல் தட்டுப் பக்கம் நோட்டு, பென்சில், ரப்பர் எதுவும் வரக்கூடாது என்று.

அதற்குப் பிறகு பாடமெல்லாம் வாயில்தான். நான் ஒரு வரி வாசித்து மனதில் வாங்கிக்கொண்டு சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கணக்கும் அப்படித்தான். கை காயில் இருக்கும், வாய் பாடத்தில் இருக்கும். கோயிலில் பதிகம் கேட்டுக் கேட்டுத்தானே எனக்கும் மனப்பாடம் ஆனது, இதுவும் அந்த வழிதான் என்று நினைத்தேன். வேலை முடிந்தபின் எழுதலாம் என்போம். வேலை முடிகிறபோது சமைக்க வேண்டியிருக்கும், தண்ணீர் வந்திருக்கும், அடுத்த மூட்டை வந்திருக்கும்.

தையில் கேட்கும்போது பெரியவள் தடங்கலே இல்லாமல் சொல்வாள். இதயம் எப்படி இயங்குகிறது, செவ்வகத்தின் பரப்பளவு எவ்வளவு, எல்லாம் சொல்வாள். வீட்டுக்காரர் கண் கலங்கி இருவருக்கும் விபூதி பூசிவிடுவார். ஒரு வருசம் கூட நோட்டைக் கொண்டா என்று நாங்கள் கேட்டதில்லை.

இந்தத் தையில் நாத்தனார் வந்திருந்தாள். அவள் மகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறாள். உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, வீடெல்லாம் மணக்குது, ஒரு பென்சிலு கண்ணுல படலயே" என்றாள்.

"பாடமெல்லாம் அவ வாயில இருக்கு. நீ வேணா கேட்டுப் பாரு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் கேட்டாள். பெரியவள் காய் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "அடி ஆத்தே, எம் மகளுக்கு இதுல பாதி தெரியாதுடி. டியூசனுக்கு அனுப்புறதே தண்டம்" என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து மகளுடைய பரீட்சைக் கேள்வித்தாளை எடுத்தாள். "இந்தா மருமகளே, நான் காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெரசா ரெண்டு கேள்வி எழுதிக் காட்டு பாப்போம்."

காப்பி குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். என்னோடு ஊர்க்கதை பேசினாள். திரும்பிப் பார்த்தபோது ஒன்றரை வரி இருந்தது. எழுத்து இரண்டாம் வகுப்பில் விட்ட இடத்திலேயே நின்றது, அவ்வளவு பெரிதாக. அவள் உதடு விடையை முழுதாகச் சொல்லி முடித்திருந்தது. கை முதல் சொல்லைத் தாண்ட முடியாமல் கிடந்தது.

"ஏன்த்தா, பேனாவப் போயி காம்பு கிள்ளுற மாதிரி பிடிச்சிருக்க?" என்று நாத்தனார் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "பரீட்சையில வாயில சொன்னா மார்க்கு போட மாட்டாக மதினி. மணிக்கணக்குல எழுதணும்."

சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். குளித்து, விளக்கேற்றி, வழக்கம்போல உட்கார்ந்தோம். இந்த முறை நான் தகரப் பெட்டியை இழுத்து வந்து திறந்தேன். பெட்டி நிறைய நோட்டுகள் இருந்தன. அவர் சந்தோசமாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் என்னுடையவை. விடியலில் எழுந்து, பிள்ளைகள் படிப்பு நல்லபடியாக வரவேண்டும் என்று தினமும் நூற்றெட்டு முறை ஓம் சரவணபவ எழுதுவேன். இத்தனை வருசமாக ஒருநாள் விட்டதில்லை. மகள்களின் நோட்டுகள் அடியில் இருந்தன. முதல் நாலைந்து பக்கம், அதற்கு மேல் வெள்ளைத் தாள். சின்னவள் நோட்டில் அதுவும் இல்லை.

அவர் பெரியவளை எழுதச் சொன்னார். அரைப் பக்கம் போவதற்குள் அவள் பேனாவை வைத்துவிட்டு விரலை நீவினாள்.

"கை வலிக்குதா ஆத்தா?"

"வலிக்கலப்பா. போக மாட்டேங்குது."

அவர் அவளுடைய நோட்டை மூடி வைத்தார். பிறகு, "சரி, இந்த வருசம் போகட்டும். அடுத்த வருசம் எழுதுவோம். என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

"போன தையிலயும் இதத்தான்ப்பா சொன்னீங்க. அப்ப வயசு பத்தலன்னீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு பக்கம் என்று ஆரம்பித்தோம். பத்து நாள் நடந்தது. எழுத எழுத அவளுக்குத் தெரிந்த பாடமும் குழம்ப ஆரம்பித்தது. எழுத்தைக் கவனித்தால் விடை மறக்கிறது, விடையை நினைத்தால் எழுத்து நிற்கிறது. இந்த வருசம் விண்ணப்பம் போடவில்லை. அடுத்த வருசம் போடுவோம் என்று வாய் சொல்கிறது. அடுத்த வருசம் எழுதித் தேறுவதற்குள் அவளுடைய வயசுப் பிள்ளைகள் பத்தாவதுக்குப் போய்விடும். அவள் எந்த வகுப்பில் உட்காருவாள், மற்ற பிள்ளைகள் சிரிக்குமோ என்ற அந்தப் பழைய கேள்வி பழைய இடத்திலேயே நிற்கிறது. அதற்குப் பயந்துதான் இத்தனையும் செய்தேன்.

பதினோராம் நாள் அவள் நோட்டை எடுக்கவே இல்லை. தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எழுதலயாத்தா?" என்றேன். "விடும்மா, மூட்டை கெடக்கு. காயாவது சுத்தமா போகட்டும்" என்றாள். பக்கத்தில் சின்னவள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளிடம் எழுந்து போய் எழுது என்று சொன்னேன். என்ன எழுத என்று கேட்டாள்.

மறுநாள் விடியலில் சாமிக்கு முன்னால் என் நோட்டை விரித்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பிறகு பெரியவளை எழுப்பி, இன்றைக்கு ஓம் சரவணபவ நீ எழுது என்று கொடுத்தேன். மறுக்காமல் உட்கார்ந்து எழுதினாள். பதினாறு முறை எழுதினாள். அதற்கு மேல் விரல் இறுகிவிட்டது. பேனாவை என்னிடம் நீட்டி, "மிச்சத்த நீ எழுதிரும்மா" என்றாள்.

நான் எழுதவில்லை. அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.