ஃபுசாயேயின் குளவிப் பெட்டி

வானத்தைப் பார்த்தபடி ஓடுகிறாள் ஃபுசாயே. இடுப்பில் முடி வெட்டும்போது கட்டும் ஊதா ஏப்ரன், கையில் இன்னும் சீப்பு. தலைக்குப் பத்தடி மேலே ஒரு குளவி, அவள் இரையாக வைத்த, வெள்ளைப் பிளாஸ்டிக் துணுக்கு கட்டிய கணவாய் மீன் துண்டைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போகிறது. அந்த வெள்ளைப் புள்ளியைக் கண் தவறவிட்டால் கூடு போச்சு. வயல் வரப்பு, ஓடை, மூங்கில் புதர், யார் வீட்டு முள்ளங்கிப் பாத்தி என்று அவள் கால் எதையும் பார்ப்பதில்லை.

அவளுடைய அழகு நிலையத்தில் ஓர் அம்மாள் தலை நிறைய முடி சுருட்டும் சுருளிகளோடு உட்கார்ந்திருப்பார். "அக்கா, பத்தே நிமிஷம். டீ போட்டுக் குடிச்சிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். பத்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். எங்கள் பள்ளத்தாக்கில் அது எல்லோருக்கும் தெரியும். என் தலையே இரண்டு முறை பாதியில் நின்றிருக்கிறது.

ஐம்பத்து நான்கு வயது. குட்டையான, உருண்ட உடம்பு. வலை முகமூடி போடமாட்டாள். கொட்டு வாங்கி முகம் வீங்கினால், "சுருக்கமெல்லாம் போயிடுச்சு பாருங்க. கிரீமுக்குச் செலவே இல்ல" என்பாள்.

ஜூலையில் மண்ணுக்குள் இருக்கும் கூட்டைப் புகை போட்டுத் தோண்டி எடுத்து, கடைக்குப் பின்னால் மரப்பெட்டியில் குடிவைப்பாள். இலையுதிர் காலம் முழுக்கக் கோழி ஈரலும் சர்க்கரைத் தண்ணீரும் தவறாமல் போகும். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர், "அதுங்க சாப்பிடறதைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கு" என்பார். நவம்பரில் பள்ளி மைதானத்தில் எல்லோரும் அவரவர் கூட்டைத் தராசில் ஏற்றுவோம்; எடை அதிகமான கூட்டுக்கு முதல் பரிசு. பிறகு கூட்டுக்குள் இருக்கும் குளவிப் புழுக்களை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவோம்.

பதினோரு வருடமாக அவளுக்கு இரண்டாம் இடம்தான். முதல் இடம் மரம் அறுக்கும் கென்சகுவுக்கு. ஒவ்வொரு வருடமும் அவர் அவள் கூட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு ஃபுசா. குளிருக்குத் தொப்பியா மாட்டிக்கலாம்" என்பார். "அடுத்த வருஷம் தராசே உடையும், பாருங்க அண்ணே" என்பாள் இவள்.

இந்த ஆகஸ்டில் எழுபத்தொரு வயது கென்சகு குளவியைத் துரத்திச் சரிவில் உருண்டு, தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கவனிக்க ஆளில்லாமல் அவருடைய பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஃபுசாயேயின் கூடோ பெட்டியின் மூடியையே மேலே தூக்கிவிட்டது. இந்த முறை அவள்தான் என்று ஊரே சொன்னது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கென்சகுவின் மனைவி ஷிசுயோ முடி வெட்ட வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"எலும்பு கூடிடுச்சும்மா. ஆளுதான் கூடல. வச்ச சோறு வச்சபடி திரும்பி வருது. சுவரையே பார்த்துட்டுப் படுத்திருக்காரு."

கத்தரிக்கோல் நின்றது. பிறகு ஃபுசாயே மிச்ச முடியையும் பொறுமையாக வெட்டி முடித்தாள். எனக்குத் தெரிந்து அவள் ஒரு தலையை அவசரமில்லாமல் முடித்தது அன்றுதான்.

மத்தியானம் பெட்டிக்குப் புகை போட்டாள்.

"இன்னும் ஒரே வாரம்தானேம்மா?" என்றேன்.

"அந்த ஆள் வராத போட்டியில ஜெயிச்சு, நான் யாருகிட்டப் போய்க் காட்டறது? நீங்க இடுக்கியை எடுங்க."

எட்டு அடுக்குக் கூடு. புருவம் திருத்தும் இடுக்கிகளால் மூன்று மணி நேரம் புழு எடுத்தோம். சோயா சாறும் இஞ்சியும் கொஞ்சம் சாராயமும் விட்டுச் சுண்டவைத்து, ஆவி பறக்கும் சோற்றில் கிளறினாள். வாசனையில் தெருவே எட்டிப்பார்த்தது. ஒரு வாரம் கழித்து நடந்த போட்டியில் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆள் ஒருவர் நாலரைக் கிலோவுக்கு முதல் பரிசு வாங்கிப் போனார். அது அவளுடைய கூட்டில் பாதி இருக்குமோ என்னவோ.

புழு எடுத்த அன்று சாயங்காலமே, தெருவில் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தது போக மிச்சப் பானையோடு கென்சகு வீட்டுக்குப் போனோம். அவர் கிண்ணத்தை முகர்ந்தார்.

"யாரு கூடு?"

"என்னோடது."

"எடை போட்டியா?"

"போடல."

"முட்டாள்."

"ஆறுது, சாப்பிடுங்க."

ஒரு வாய் மென்றார். "இஞ்சி ஜாஸ்தி." இன்னொரு வாய். "உப்பும் பத்தல." குறை சொல்லிச் சொல்லியே கிண்ணம் காலியானது. ஷிசுயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் கதவைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

கென்சகு யாரையும் பார்க்காமல் காலிக் கிண்ணத்தை நீட்டினார். பானையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. ஃபுசாயே தன் மடியில் இருந்த, இன்னும் வாய் வைக்காத கிண்ணத்தை எடுத்து அப்படியே அவருடையதில் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கடைசிப் புழுவையும் சாப்பாட்டுக் குச்சியால் தள்ளிவிட்டாள்.