அசை போட மறந்த ஆடு

மழை விட்ட ஒரு வாரத்தில் கறம்பக்குடிப் பக்கம் எங்கு பார்த்தாலும் இளம்புல். ஆடு வளர்ப்பவன் பார்த்தால் சந்தோஷப்படுவான். நான் பயந்தேன். மழைப்புல்லை வயிறு முட்ட மேய்ந்த செம்மறி துள்ளுமாரி வந்து பொத்தென்று விழுந்து செத்துப்போகும். அதற்குத் தடுப்பூசி உண்டு. என் ஆடுகளுக்கும் போட்டிருந்தேன். ஆனால் ஊசி ஆட்டுக்குத்தானே, என் பயத்துக்குப் போடவில்லையே.

ஆகவே மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டிலிலேயே அடைத்தேன். கடலைக்கொடிப் போர் மழையில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. நடுவில் காய்ந்திருந்ததை மட்டும் உருவி, ஆட்டுக்கு ஒரு கைப்பிடி போட்டேன். நாலைந்து நாள் இப்படியே ஓடியது. முதலில் கத்தின. கத்தல் அடங்கியதும், பழகிவிட்டன என்று பெருமைப்பட்டேன்.

பிறகுதான் தரையைப் பார்த்தேன். வழக்கமாகக் கூடையில் அள்ளுகிற புழுக்கை, மிளகு சிந்தியது போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டியாகக் கிடந்தது. சினையாயிருந்த ஓர் ஆடு படுத்திருந்தது. படுத்தால் அசை போட வேண்டும். இதன் வாய் அசையவே இல்லை.

ஒரு பயத்திலிருந்து இன்னொரு பயத்துக்குத் தாவ எனக்கு நேரமே ஆகாது. பெரிய குண்டானில் ரேஷன் அரிசியை உலையில் போட்டேன். மனைவி வந்து பார்த்தாள்.

"யாருக்குங்க இம்புட்டுச் சோறு?"

"ஆட்டுக்கு. பட்டினியா கெடக்குல்ல."

"பட்டினி போட்டது யாரு?"

"அத அப்பறம் பேசுவோம்."

"மொதல்ல டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க. சோத்துல கைய வச்சீங்க, ஒங்களுக்கும் கொட்டில்தான்."

கால்நடை டாக்டர் போனில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சோறு கீறு குடுத்துட்டீங்களா?"

"இன்னும் வேகலைங்க."

"குடுக்கவே குடுக்காதீங்க. ஆட்டு வயித்துல தீனியச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்க இருக்கு. பட்டினியில அதுக கொறஞ்சு, வயிறே ஓஞ்சு கெடக்கும். அதுல சோத்தக் கொட்டுனா வயிறு புளிச்சு ஆடு செத்துரும். தண்ணி வைங்க. நல்ல காஞ்ச கொடியாக் கொஞ்சங் கொஞ்சமாப் போடுங்க. வயித்துக்கு இடது பக்கப் பள்ளத்துல கைய மடக்கி அழுத்துங்க. உள்ள பெரளுதான்னு சொல்லுங்க."

அழுத்தினேன். ஒன்றுமே இல்லை. "போச்சுங்க, நின்னு போச்சு," என்றேன். குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது.

"அது வலது பக்கம்ங்க," என்றாள் மனைவி.

அங்கிட்டுப் போய் அழுத்தினேன். வெகுநேரம் கழித்து, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல உள்ளே ஏதோ மெதுவாக உருண்டது.

"சினை ஆடாச்சே, அதான் எனக்கும் கவலையா இருக்கு," என்றார் டாக்டர். "மத்தியானம் வந்து பாக்குறேன். அதுக்குள்ள அசை போடுதான்னு கவனிங்க."

மனைவி பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்த காய்ந்த கொடியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தோம். மற்ற ஆடுகள் பிடுங்கித் தின்றன. இது நாலு வாய் கடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் அதன் மூஞ்சிக்கு நேராகக் குத்தவைத்து, எப்படி என்று காட்டுவதற்காக என் தாடையை ஆட்டினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெயில் கொட்டிலுக்குள் எட்டிப்பார்க்கிற நேரத்தில் அதன் தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறியது. தாடை ஒருமுறை பக்கவாட்டில் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"ஏ, இங்க பாரு..."

"பேசாம இருங்க," என்றாள் மனைவி கிசுகிசுப்பாக. "நிறுத்திரப் போகுது."

டாக்டரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. நான் எழுந்து போகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.