சைக்காவில் வந்த வடதுருவம்

நான் படித்தது நான்காம் வகுப்பு வரைதான். வடதுருவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி சொன்னது. அப்போது அவர் சித்தி ஆகியிருக்கவில்லை, எதிர்வீட்டு அக்கா.

பர்மாவில், போட்டாதாங்கில் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆகாய விமானம் வந்த புதிதில் அதில் ஏறித் துருவத்துக்குப் பறந்தவர்களின் கதையைச் சொல்வார். அங்கே எஞ்சின் எண்ணெயே உறைந்துபோகுமாம். விமானிகள் அதை அடுப்பில் காய்ச்சி மறுபடி ஊற்றிக்கொண்டு கிளம்புவார்களாம். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்கூட உறைந்து நான் பார்த்ததில்லை.

என் சித்தப்பாவுக்கு ஐஸ் கிடங்கில் வேலை. கதை நேரத்தில் அவருக்கும் அந்தப் படிக்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒருநாள் அவர் வாயை விட்டார்.

"இந்தத் திஞ்சானுக்குத் துருவத்தையே உங்க பந்தலுக்குக் கொண்டாறேன்."

"வந்து சேர்றதுக்குள்ள தண்ணியாப் போயிடும், ஐஸ்காரரே."

"ஒரு துண்டாவது உங்க கையில குடுக்கலேன்னா மீசைய எடுத்துடறேன்."

"அது மீசையா? நான் கரின்னுல்ல நெனச்சேன்."

எனக்கு மீசையைப் பற்றிக் கவலையில்லை. சிறந்த அலங்கார வண்டிக்குப் பரிசு ஒரு கால்பந்து என்று சொல்லியிருந்தார்கள்.

திஞ்சான் வந்தது. சித்திரை வெயிலில் ஊரே தெருவில் பந்தல் போட்டு நின்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் புத்தாண்டுத் திருவிழா. சைக்கா என்று நாங்கள் சொல்லும், பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டிக்கு மூங்கில் இறக்கை கட்டினோம். எண்ணெய் டின்னை வெட்டிக் காற்றாடி செய்தோம். முன்னால் பாளம் பாளமாக ஐஸ். அதன்மேல் ஒரு கொடி. நான்தான் விமானி. இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவின் வெல்டிங் கண்ணாடி, குரங்குக் குல்லா, யாருடையதோ கம்பளிக் கோட்டு. தெருமுனையைத் தாண்டுமுன்பே வேர்த்துக் கொட்டியது.

சித்தப்பா எல்லாவற்றையும் யோசித்திருந்தார், ஒன்றைத் தவிர. திஞ்சானில் இளவட்டங்கள் அலைவதே ஐஸுக்குத்தான். ஐஸ் தண்ணீரை முதுகில் ஊற்றி அலறவைப்பதில் அவர்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம். முதல் பந்தலிலேயே ஒருவன் "யேகே! யேகே!" என்று கூவினான். பர்மியத்தில் ஐஸ். உடனே ஆளுக்கொரு பக்கமாகத் துருவத்தைப் பெயர்த்துத் தங்கள் பீப்பாய்களில் போட்டார்கள். அந்தத் தண்ணீரை என் தலையிலேயே ஊற்றினார்கள். நனைந்த கம்பளிக்குள் என் பற்கள் தந்தியடித்தன.

"டேய், விடுங்கடா! என் மீசைடா!" என்று சித்தப்பா கதறினார். கூட்டத்துக்குத் தமிழ் தெரியாது. புத்தாண்டு வாழ்த்து என்று நினைத்து அவருக்கும் ஒரு வாளி ஊற்றியது. அவர் மிச்சமிருந்த ஒரே துண்டைப் பிடுங்கி என் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு வெறிபிடித்தவர் போல மிதித்தார்.

அக்காவின் பந்தலை அடைந்தபோது இறக்கை ஒன்றுதான் இருந்தது. கொடி போன இடம் தெரியவில்லை. சித்தப்பா என் பைக்குள் கைவிட்டு எலுமிச்சம்பழ அளவு ஐஸை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க, துருவம்."

அக்கா அதை வாங்கிக்கொண்டு, "சரி, கரி இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பரிசு ஏதோ காகித அன்னத்துக்குப் போனது. நான் ஓவென்று அழுதேன். சித்தப்பாவோ சொட்டச் சொட்ட நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தத் துண்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். விரல்கள் சிவந்தும் கீழே போடவில்லை. பக்கத்திலேயே சர்பத் பானை இருந்தது. அதில் போட்டிருந்தால் ஆளுக்கு அரை டம்ளராவது ஜில்லென்று குடித்திருக்கலாமே, இப்படி வீணாக்குகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.