ஒரே பக்கம் நகர்ந்த ஆணி

சின்னக்கானலில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்தில் ஆறு வீடுகள் ஒரே நீளச் சுவரில் ஒட்டியிருந்தன. பின்னால் தேயிலைச் சரிவு. நானே செய்த ஊசல் கடிகாரத்தை மே மாதக் கடைசி ஞாயிறன்று எங்கள் பின்சுவரில் மாட்டினேன். பல்சக்கரங்கள் பிளைவுட்டில் அறுத்தவை. ஊசலின் குண்டு, ஃபாக்டரியில் கழித்துப்போட்ட பித்தளைத் துண்டு. சக்கரங்களை இழுக்க மணல் நிரப்பிய ஒரு பாட்டில்.

"மத்த கெடிகாரமெல்லாம் பேட்டரில ஓடும். நம்ம வீட்டுது மண்ணத் தின்னுட்டு ஓடுது" என்றாள் மனைவி.

இந்த வகைக் கடிகாரத்துக்கு, சக்கரங்களைப் பொருத்திய பலகை நேராக நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் டிக்கும் டக்கும் சமமாக விழாது, நொண்டும். இன்னும் சாய்ந்தால் நின்றுவிடும்.

ஜூன் மழை பிடித்ததும் நொண்டத் தொடங்கியது. பலகையின் அடிப்பக்கத்தை நூலளவு வலப்புறம் தள்ளி வேறு ஆணி அடித்தேன். ஓடியது. அடுத்த வாரம் மறுபடி நொண்டியது, மறுபடி ஆணி அடித்தேன். ஈரத்தில் பிளைவுட் ஊதியிருக்கும் என்று என் வேலையைத்தான் சந்தேகித்தேன். வாசித்திருந்த புத்தகங்களும் அதையே சொல்லின.

ஜூலையில், விடாமல் கொட்டிய ஒரு மதியம், அது நின்றேவிட்டது. பலகையைக் கழற்றி மேசையில் கிடத்திவிட்டுச் சுவரைப் பார்த்தேன். பழைய ஆணித் துளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வலப்புறமே போயிருந்தன. மரம் ஊதியிருந்தால் ஒரு வாரம் இந்தப் பக்கமும் ஒரு வாரம் அந்தப் பக்கமுமாகத் திரும்பியிருக்கும். என் கை தவறியிருந்தாலும் அப்படித்தான். கடிகாரம் சாயவில்லை. சுவர் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

காலைத் தரையில் அழுத்தி வைக்கவே பயமாக இருந்தது.

"என்ன, நின்னுபோச்சா?" என்று வந்த மனைவிக்குத் துளைகளைக் காட்டிச் சொன்னேன். முதல் துளையிலிருந்து கடைசி வரை விரலால் தடவிப் பார்த்தாள். கேலி எதுவும் வரவில்லை.

"பக்கத்து வீட்ல புள்ளத்தாச்சி இருக்கா. மொத அங்க போய்ச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டுக்காரன் சுற்றுலா ஜீப் ஓட்டுபவன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, உங்க கெடிகாரம் நிக்கிறப்பல்லாம் நாங்க வீட்ட காலி பண்ணணுமா?"

"உன் பின்கதவு சாத்துதா?"

"மழைக்கு மரம் ஊதிருச்சு. மேல சீவி விட்ருக்கேன்."

கொத்தனாரின் தூக்குக்குண்டு என்னிடம் இருந்தது. அதை அவன் கதவு நிலையின் உச்சியில் மாட்டித் தொங்கவிட்டேன். நூல் ஆடி ஓய்ந்தபோது, கீழே நிலைக்கும் நூலுக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தது. அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"சாயங்காலம் வரைக்கும் பாப்பமாண்ணே?"

உள்ளேயிருந்து அவன் மனைவி துணிப்பையுடன் வந்தாள். "நீங்க இருந்து பாருங்க. நான் கெளம்புறேன்."

அவள் கிளம்பியதைப் பார்த்துத்தான் மற்ற வீட்டுக்காரர்களும் கிளம்பினார்கள். ஜீப் நாலைந்து நடை அடித்து, எல்லோரையும் ரோட்டுக்கு மேலே இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தது.

மழை சற்று வெறித்ததும் சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஜீப்காரனும் சாவியை எடுத்தான். "காஸ் சிலிண்டர் புதுசுண்ணே. தூக்கிட்டு வந்துர்றேன்." நான் அவன் சட்டையைப் பிடித்தேன். உதறினான். "வயித்துப்புள்ளக்காரிய இங்க பெஞ்சில உக்கார வச்சிருக்கீங்க. ஒண்ணும் நடக்கலன்னா நாளைக்கு எவனும் உங்கள மதிக்க மாட்டான்."

அவன் மனைவி எழுந்துபோய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு."

"நீங்க போனா நானும் வருவேன்."

அவன் சாவியைப் போடாமல் தூறலில் நின்றான். அவளும் இறங்கவில்லை. இருட்டுவதற்குச் சற்று முன், கீழே லயம் இருந்த பக்கம் லாரி லாரியாக ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. அது ஓய்ந்த பிறகும் அவள் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.