அடைத்த சுவரின் கற்கள்

என்னைப் போல ஒரு மடையன் ஆரணி ஆற்றுப் பக்கம் பிறந்ததில்லை என்பதை நானே எழுதிவிடுகிறேன். பிறர் சொல்லிக் கேட்பதைவிட அதில் கொஞ்சம் கௌரவம் இருக்கிறது. அண்ணன் தனியாக எடுத்து வைக்கச் சொன்ன கற்களை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில் மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றில் கொட்டிவிட்டு, பெரிய காரியத்தை முடித்த பெருமையில் கடைத்தெருவில் நின்று சோடா குடித்தவன் நான்.

ஐம்பதுகளில் சிமெண்டு என்பது மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டிய வஸ்து. எங்கள் வீடோ மண்சாந்தில் செங்கல் அடுக்கிய பழைய வீடு. அந்த ஐப்பசி மழையில் அதன் ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோடையில் அதை இடித்து, அதே மனையில், அதே சாமானை வைத்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. ஒரு கூடை மண்கூட வெளியே போகக் கூடாது என்றார் மேஸ்திரி. முழுக்கல் சுவருக்கு. உடைந்த கல்லைத் தட்டி ஜல்லியாக்கினால் தரைக்கு. தூளைச் சலித்துச் சுண்ணாம்போடு சேர்த்தால் சாந்துக்கு. எதற்கும் உதவாத ரப்பீசை பேஸ்மட்டத்துக்குள் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்தால் வீடு நிற்க மேடு.

"அப்போ என்னை எதுல சேப்பீங்க மேஸ்திரி?" என்றேன்.

"நீ பேஸ்மட்டத்துக்குத்தான் தம்பி. இடிச்சிக்கினே இருந்தா ஒருவேள கெட்டியாவ."

அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணி போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அண்ணி இறந்தது ஆகாத நட்சத்திரத்தில். அடைப்பு என்பார்கள். அப்படி உயிர் போனால் உடலை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். பின்சுவரை இடித்து வழி செய்து, அதன் வழியாக வெளியே எடுத்து, அந்த வழியை மறுபடி கல் வைத்து அடைத்துவிட்டு, வீட்டைச் சில மாதம் பூட்டிப் போடுவார்கள். அண்ணியும் அப்படித்தான் வெளியே போனாள். அண்ணனும் நானும் கொல்லைக் கொட்டகையில் இருந்தோம். சமையல் என்னுடையது. என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டும் ஒரு மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டவில்லை என்றால், அவர் துக்கம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சுவரை இடிக்கும்போது அந்த இடம் வந்தது. சுற்றிலும் வெள்ளை அடித்த சுவர். நடுவில் பூசாமல் விட்ட செங்கல் வரிசை, கோணல்மாணலாக. மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"இந்தக் கல்லு மட்டும் புது ஊட்டுக்குள்ள வரக்கூடாது. ஆத்தாண்ட கொண்டுபோய்ப் போட்டுடுங்க."

"தனியா எடுத்து வெய்ங்க" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார். வேப்பமரத்தடியில் அடுக்கியதைப் பார்த்துவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கப் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

தனியாக வைப்பது எதற்கு? தூக்கிப் போடத்தானே? அவர் கையால் அதைச் செய்ய வேண்டாமே என்று எனக்குப் பட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை நான் யோசித்து ஒரு காரியம் செய்தேன். அது இது.

சுண்ணாம்பு மூட்டைகளோடு வந்து இறங்கிய அண்ணன் முதலில் வேப்பமரத்தடியைத்தான் பார்த்தார்.

"இங்க இருந்த கல்லு எங்கடா?"

"ஆத்துக்குப் போயிட்ச்சிண்ணா. கல்லுக்கும் சேத்து நானே கருமாதி பண்ணிட்டேன்."

இதைச் சொல்லும்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எப்படி இறக்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றதும் ஞாபகம் இருக்கிறது. அண்ணன் மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"சுடுகாட்டுலேர்ந்து வந்து, ஈரத்துணியோட நான் அடைச்சதுடா அது. யாரையும் தொட உடல. அவ கடேசியா போன வழி. அடுப்பங்கரத் தரைக்கு அடியில போட்டுக்கலாம்னு இருந்தேன்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் எழுந்து சுண்ணாம்பை நிழலில் அடுக்கப் போய்விட்டார்.

நான் வண்டியைப் பூட்டிக்கொண்டு மறுபடி ஆற்றுக்குப் போனேன். ஆறு வற்றிக் கிடந்தது. கல் எங்கேயும் ஓடிப் போயிருக்காது என்று தைரியம். ஆனால் கொட்டும்போது நான் கண்ணைத் திறந்து பார்க்காத ஒன்றை இப்போது பார்த்தேன். நான் கொட்டிய அந்த வளைவு, ஊரே கொட்டுகிற வளைவு. அடைப்பு விழுந்த வீடுகளின் கற்கள் எல்லாம் அங்கேதான் குவிந்திருந்தன. சில மணலில் பாதி புதைந்து, சில நான் கொட்டிய வேகத்தில் எங்கள் கற்களோடு உருண்டு கலந்து. எல்லாம் ஒரே சூளைக் கல். எல்லாவற்றிலும் ஒரே மண்சாந்து. ஒன்றில் நீலச் சாயம் இருந்தது. அது எங்களுடையது இல்லை என்று ஒதுக்கினேன். அதற்கு மேல் என் புத்தி வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். கல் கல்லாகத்தான் மணந்தது. இத்தனை வீட்டில் இத்தனை பேர் பின்சுவர் வழியாகப் போயிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தக் குவியலின் நடுவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் மேலாகக் கிடந்ததையெல்லாம் வண்டியில் அள்ளிக்கொண்டு திரும்பினேன். பார்த்ததும் மேஸ்திரி இரண்டடி பின்னால் போனார்.

"இன்னா தம்பி இது? ஒரு சாவுக் கல்லு வாணாம்னா ஊரு சாவையே ஏத்திக்கினு வந்துகிற? இத என் ஆளு தொடமாட்டான்."

அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அடுப்பங்கரை வரவேண்டிய இடத்தில் பேஸ்மட்டத்துக்குள் இறங்கினார். பள்ளத்தைச் சமன் செய்துவிட்டு, நிமிர்ந்து, கையை நீட்டினார்.

கூடையைத் தூக்கிய பிறகும் எனக்குக் கை வரவில்லை. "அண்ணா, பொய் சொல்ல மாட்டேன். இதுல நம்ப கல்லு எது, ஊரான் கல்லு எதுன்னு எனக்குத் தெர்ல" என்றேன்.

அவர் கூடையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் எவனோ ஒருத்தன் அடைச்சதுதான், கொட்டுடா."