எல்லாம் என்னுடையது

என் கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஊர்ச் சனத்தின் எலும்பையெல்லாம் ஊடுருவிப் பார்க்கிற மனுசன், தன்னுடைய சூட்கேசுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிட்னி விமான நிலையத்தில் பொலிஸிடம் மாட்டிக்கொண்டார். இப்போது இதைச் சொல்ல எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவர் என் முன்னால் நின்றிருந்தால் கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன்.

இங்கே எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம். யாராவது ஊருக்குப் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "சின்னப் பார்சல்தான், பாரமே இல்லை" என்பார்கள். போகும்போது சொக்லேட்டும் வைற்றமினும், வரும்போது மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல்மாவும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அவைக்கு இப்ப பெருமை பிடிச்சிட்டுது என்று அடுத்த கலியாண வீட்டிலேயே கதை வந்துவிடும். என் கணவருக்கோ மாட்டேன் என்ற சொல்லே வாயில் வராது. தன் அண்ணன் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனவர், திரும்பும்போது எத்தனை வீட்டுப் பார்சல்களைச் சுமந்து வந்தாரோ! கொழும்பு விமான நிலையத்தில் பாரம் கூடிப்போக, நிலத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டித் திரும்ப அடுக்கியிருக்கிறார். யாருடைய சாமான் எந்தப் பைக்குள் என்பது அதற்குப் பிறகு அவருக்கே சரியாகத் தெரியாது.

அதற்குள் ஒரு போத்தல் கறுப்பு மருந்துக் குளிசை. சிட்னியிலேயே லிட்கமில் இருக்கும் ஒரு அன்ரிக்கு முழங்கால் நோ. ஊர் வைத்தியர் ஒருவரின் குளிசைதான் தனக்குக் கேட்கும் என்று அவ அடம்பிடித்து வாங்கிவரச் சொன்னது. சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. எக்ஸ்ரே எடுக்க வந்த இடத்தில் பழக்கமாகி, பிறகு தேவாலயத்துப் பூசைக்கு அவவைக் காரில் ஏற்றி இறக்குவதும் இவர் வேலையாகிவிட்டது. அந்தக் குளிசையில் அபின் கலந்திருந்தது. அன்ரிக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. விமான நிலையத்துச் சோதனையில்தான் தெரிந்தது.

சூட்கேசைத் திறந்த அதிகாரி கேட்டிருக்கிறார், இதை நீயா அடுக்கினாய், இதெல்லாம் உன்னுடையதா என்று. இந்த மகான் சொன்ன பதில்: "ஓம். எல்லாம் என்னுடையது."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிணையில் வந்த அன்று கேட்டேன். "வேறை ஆளின்ரை எண்டு சொன்னா ஆரின்ரை எண்டு கேப்பாங்கள். பிறகு அந்த மனுசியின்ரை வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவாங்கள். மிஞ்சி மிஞ்சிப் போனா போத்தலைப் பறிப்பாங்கள் எண்டு நினைச்சன்." பிறகு பொலிஸ்காரர், நீ ஒன்றும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் அது சாட்சியாகும் என்று தெளிவாக எச்சரித்தும், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க இவர் அதையே திரும்பவும் சொல்லிவைத்திருக்கிறார். முதலில் ஒன்று சொல்லிப் பிறகு மாற்றினால் பொய்யன் என்று நினைப்பார்களாம்!

தடைசெய்யப்பட்ட போதைப்பொருளை நாட்டுக்குள் கொண்டுவந்த குற்றம். மத்திய அரசின் வழக்கு. குற்றவாளி என்று தீர்ந்தால் மறியலில் கம்பி எண்ணவேண்டும், வேலைக்கான பதிவும் போகும். அன்ரியின் பெயரை யாரிடமும் எடுக்கக்கூடாது என்று வேறு என்னிடம் சத்தியம் வாங்கினார். கடவுச்சீட்டைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டு, கிரவீனில் எங்கள் வீட்டுக்கும் பொலிஸ் நிலையத்துக்குமாகக் கையெழுத்துப் போட நடந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் எலுமிச்சை என்று இருந்த ஒரே தேசி மரத்துக்கு அவர் ஊற்றிய தண்ணீரில் அது அழுகாமல் இருந்ததே பெரிய காரியம்.

கோர்ட்டின் முதல் தவணைக்குப் போன அன்று நான் கோயிலுக்குப் போய் விபூதி பூசி, கூண்டு, சாட்சி, வாதம் என்று என்னென்னவோ எதிர்பார்த்துக்கொண்டு உள்ளே போனேன். உட்கார்ந்த கதிரை சூடேற முன்னமே முடிந்துவிட்டது! பெயரைக் கூப்பிட்டார்கள், எங்கள் வக்கீலும் அரசு வக்கீலும் இரண்டு வார்த்தை பேசினார்கள், அடுத்த தவணை கொடுத்தார்கள். எங்கள் வக்கீல் சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட பெண், என்னைவிட இளையவள். வெளியே வந்து பொறுமையாக விளக்கினாள்.

"அக்கா, வழக்கு மத்திய அரசோடது, ஆனா நடக்கிறது மாநிலக் கோர்ட்ல. மொதல்ல அவங்க சாட்சியங்கள் எல்லாத்தையும் நம்மகிட்ட குடுக்கணும். அப்புறம் அரசு வக்கீல் அதைப் பார்த்து, இந்தக் குற்றச்சாட்டு நிக்குமான்னு முடிவு பண்ணணும். நிக்கும்னா மேல் கோர்ட், ஜூரி. அதுக்கு முன்னாடியே நாம சொல்ல வேண்டியதைச் சொல்லிடலாம்."

சொல்ல வேண்டியதைச் சொல்லலாமாம். இவர் சொன்னால்தானே! அவளுடைய அறையில் நடந்ததை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன்.

"சார், அந்த பாட்டில் உங்களோடதா?"

"ஓம்."

"உங்களுக்கு மூட்டுவலி இருக்கா?"

"இல்லை."

"அப்போ எதுக்கு வாங்கினீங்க?"

இவர் சத்தியத்தை நினைவூட்டுவதுபோல என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது!

"உங்களுக்கென்ன விசரே? அது லிட்கம் அன்ரியின்ரை குளிசை! ஆரோ ஒரு மனுசிக்காக மறியலுக்குப் போறாராம், பெரிய தியாகி! நான் என்ன செய்யிறது, தேசி மரத்தோடை இருக்கிறதே?"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், யாரோடதுங்கிறது மொதல் கேள்வியே இல்ல. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, இல்ல இருக்கலாம்னு தெரிஞ்சும் துணிஞ்சீங்களா, அதை நிரூபிக்க வேண்டியது அவங்க. நீங்க எல்லாம் என்னோடதுன்னு சொன்னதாலதான், தெரிஞ்சே கொண்டுவந்த மாதிரி ஆகுது." பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஆன்ட்டி என்ன சொல்லணும்னு நீங்க சொல்லிக்குடுக்கக் கூடாது. பேச விருப்பமான்னு மட்டும் கேளுங்க" என்றாள்.

வீடு வந்து சேரும்வரை இவர் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும் என்று அடுத்த நாளே லிட்கமுக்கு ரயில் ஏறினேன்.

அன்ரிக்கு ஒன்றுமே தெரியாது. போத்தலைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் இவர் சொல்லிவைத்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, வக்கீலோடு கதைக்க விருப்பமா என்று கேட்டேன். பக்கத்தில் அவவின் மகன் இருந்தான். நல்ல படிப்பு, நல்ல உத்தியோகம். நான் முடிக்குமுன் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டான், அம்மா நீங்கள் இதில் தலையிடக் கூடாது, உங்களுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள் என்று. அவனைக் குறை சொல்லவும் முடியாது, தாய்க்கு என்ன ஆகுமோ என்று பயந்துதான் சொன்னான். ஆனால் எனக்கு எழும்பிப் போய்விடவேண்டும் போல இருந்தது.

அன்ரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. முழங்காலைத் தேய்த்தபடி அறைக்குள் போய்த் தன் போனை எடுத்துவந்தா.

"என்ரை குளிசைக்கு அந்தப் பிள்ளை ஏன் மறியலுக்குப் போகவேணும்? இந்தா, இதுக்குள்ளை எல்லாம் இருக்கு. நான் ஒண்டும் அழிக்கிறேல்லை."

அன்ரிக்கு எழுத்தடிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் குரல் பதிவாகத்தான் அனுப்புவா. என் கணவர் கேட்டவுடன் அழித்துவிடுவார், கேட்க நேரமில்லாமல் அழிப்பதும் உண்டு. அன்ரியின் போனில் இரண்டு பக்கமும் அப்படியே கிடந்தது. வக்கீல் அவவை முதலில் வேறொரு வக்கீலிடம் அனுப்பினாள், ஒருவரே இருவருக்கும் பேசக்கூடாதாம். அந்த வக்கீல், உங்கள் மேலும் வழக்குப் போடக்கூடும் என்று பயப்படுத்தினாராம். "போட்டா போடட்டும். எனக்கென்ன, இனிக் கலியாணமே பேசப் போறியள்?" என்றாவாம் அன்ரி.

குரல் பதிவுகளை முறைப்படி மொழிபெயர்த்தார்கள். அதைப் படித்த அரசு வக்கீலை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும். இடது முழங்கால், வலது முழங்கால், பங்குத்தந்தையின் பிரசங்கம் நீண்டுபோனது, முருங்கைக்காயின் விலை, திரும்ப இடது முழங்கால். நடுவில் ஓரிடத்தில் என் கணவர் கேட்கிறார்: "அன்ரி, இதுக்குள்ளை என்ன போட்டிருக்கு?" அன்ரியின் பதில்: "எனக்கென்ன தெரியும் தம்பி, வைத்தியர் வேரும் பட்டையும் எண்டுதான் சொன்னவர். நோ போனா சரிதானே." அந்த ஒரு பேச்சுத்தான் எங்களைக் காப்பாற்றியது. எங்கள் வக்கீல் அதை வைத்து, இந்த வழக்கை நடத்த வேண்டாம் என்று அரசு வக்கீலுக்கு எழுதினாள். பொலிஸ் அன்ரியிடமும் போய் விசாரித்தது. நாங்கள் காத்திருந்தோம். அவர் என்னோடு திரும்பக் கதைக்கத் தொடங்கியிருந்தார்.

கடைசித் தவணையும் முதல் தவணையைப் போலவே சுருக்கமாகத்தான் இருந்தது. அரசு வக்கீல் எழும்பி, குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். நீதவான் தலையாட்டி, நீங்கள் போகலாம் என்றார். இவர் போகாமல் நின்றார். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினார். அன்ரி மேலும் வழக்கில்லை என்று அவள் வெளியே வைத்துச் சொன்னபோது, கோர்ட் வாசல் என்றும் பாராமல் நான் வாய்விட்டு அழுதேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது.

அன்ரி தெரு மூலையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தா. மகனுக்குச் சொல்லாமல் தனியாக ரயிலில் வந்திருந்தா. மூவருமாகக் கடவுச்சீட்டைத் திரும்ப எடுக்கப் கோர்ட் அலுவலகம் இருந்த பக்கத்துக் கட்டடத்துக்குப் போனோம். முழங்கால் நோ என்று அன்ரியின் பையை இவர்தான் தூக்கிவந்தார், சொல்லவும் வேண்டுமா! வாசலில் எக்ஸ்ரே இயந்திரம். பை உள்ளே போய் நின்றது. காவலாளி அதைத் திறந்து, கறுப்பாக ஏதோ நிறைந்த ஒரு போத்தலை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். இந்தப் பை யாருடையது என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் இவர் வாயைத் திறப்பது தெரிந்தது.

அதற்குள் அன்ரி இவருடைய கையை விலக்கிக்கொண்டு முன்னால் போனா. நோப்பிடித்த முழங்காலோடு நிமிர்ந்து நின்று, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஆங்கிலத்தில் சொன்னா:

"மைன்! எவ்ரிதிங் மைன்!"

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தேசிக்காய் ஊறுகாய், பிள்ளை. உங்களுக்கெண்டுதான் கொண்டு வந்தனான்" என்றா.

இவர் சிரிக்கத் தொடங்கினார். காவலாளி போத்தலைத் திரும்ப வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே நின்றார். அன்ரி பையை அவரிடம் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு நடந்தா.